பச்சைக் கோடு நிற்கும் இடம்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடம். போர்ட் சயீத் ஓய்வூதியர் சங்கத்தில் லுப்னா என்ற பெண் எங்களுக்குச் சமூக ஊடகம் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பில் மூன்றாயிரம் பேர். (பதினொரு பேர். மூன்றாயிரம் என்றதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.)

முதல் வாரம் லைக் போடக் கற்றோம். தஹானி டீச்சர் தன் சம்பந்தியின் இறப்புச் செய்திக்கு இதயம் போட்டு, கீழே முழுப்பெயர், பழைய பதவி, வீட்டு முகவரி எல்லாம் எழுதினார். இரண்டாம் வாரம் லுப்னா இணையத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். இணைப்பு உள்ள எவரும் ஒரே நேரத்தில் அதில் எழுதலாம், அழிக்கலாம், திருத்தலாம். அவரவர் நிற்கும் இடத்தில் ஒரு வண்ணக் கோடு துடிக்கும், மேலே பெயரோடு.

"நம்ம கால்வாயைப் பத்தி எல்லாரும் சேர்ந்து ஒரு கதை எழுதுங்க" என்றாள்.

பதினொரு கோடுகள் வந்து நின்றன. அரைமணி நேரம் பக்கம் காலியாகவே இருந்தது.

"என்னாச்சு, நெட் போயிடுச்சா?"

"நெட்டெல்லாம் இருக்கும்மா. டீச்சர் முதல்ல எழுதட்டும்னு பாக்குறேன்" என்றேன்.

"ஐயோ, ரயிஸ் இருக்கும்போது நானா? நீங்க எழுதுங்க."

"அல்லா மேல ஆணையா, நீங்கதான்."

லுப்னா தலையில் கைவைத்துக்கொண்டாள். "வாசல்லதான் 'நீங்க முதல்ல போங்க'ன்னு நின்னு உள்ள டீயை ஆற வைப்பீங்க. இங்கேயுமா?"

ரயிஸ், அதாவது படகுத் தலைவன், நான்தான். பெயர் ரிஃபாத். முப்பத்தெட்டு வருடம் இழுவைப் படகு ஓட்டியவன். மரியாதையை மூட்டை கட்டிவிட்டு நானே தொடங்கினேன்.

2.

கால்வாயில் காற்று எழும்பிய அன்று —

வேண்டாம். எல்லாரும் காற்றில்தான் தொடங்குகிறார்கள்.

ஷவ்கியும் நானும் ஒரே படகில் இருபது வருடம் —

வேண்டாம். இப்போதைக்கு.

மலைபோன்ற கப்பல் ஒன்றை ஒற்றைக் கையால் இழுத்துக் கரை சேர்த்தேன். மறு கையில் வறுத்த மீன்.

இதை வைத்துக்கொண்டேன்.

3.

ஷவ்கி என் படகின் இன்ஜின் மெக்கானிக். நான் புளுகுவேன், அவன் திருத்துவான். எங்கள் நட்பே அவ்வளவுதான். காபிக் கடையில் நான் "சுறா, பத்து மீட்டர்" என்பேன். அவன் டோமினோக் கட்டைகளிலிருந்து தலை நிமிராமல், "ரெண்டு. அதுவும் செத்தது" என்பான்.

பிறகு அவன் மகள் கல்யாணம். ஷவ்கி கால்வாயில் விழுந்த கதையை, நான் குதித்து அவனைக் காப்பாற்றிய கதையை, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவிழ்த்துவிட்டேன். முந்நூறு பேர் கைதட்டினார்கள். (இந்த எண் உண்மை.) ஷவ்கி திருத்தவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். பதினான்கு வருடமாகப் பேச்சில்லை. இப்போது தமியாத்தா நகரில் மகளோடு இருக்கிறான், மைக்ரோபஸ்ஸில் ஒரு மணி நேரம்.

போயிருக்கலாமே என்கிறீர்கள். போனால் டீ கொடுப்பான். "எப்படி இருக்கீங்க ரயிஸ்?" என்று மரியாதையாகக் கேட்பான். அந்த மரியாதையை நினைத்தால்தான் பயம். எனக்கு வேண்டியது, "போடா, புளுகுமூட்டை."

4.

"வெளியாள் ஒருத்தருக்கு இந்தப் பக்கத்தை அனுப்பலாமா?" என்று லுப்னாவைக் கேட்டேன்.

"தாராளமா மாமா. யாரு, பழைய காதலியா?"

"அதைவிட மோசம்."

ஷவ்கியின் மகளிடம் அவன் எண்ணை வாங்கி அனுப்பினேன். நான்காம் நாள், பிற்பகல் தொழுகை முடிந்த நேரம், ஒரு பச்சைக் கோடு வந்தது. மேலே ஷவ்கி என்று பெயர். "ஒற்றைக் கையால்" என்ற இடத்தில் நின்று துடித்தது. அது ஒரு எழுத்தும் எழுதாமல் போய்விட்டது.

அன்றிலிருந்து தினமும் வருகிறான். தினமும் புளுகுகிறேன்: நாற்பது புயல், பேசும் டால்ஃபின், வகுப்பில் மூன்றாயிரம் பேர். காரணம் இதுதான்: எதையாவது அவன் திருத்தட்டும். அவன் ஒன்றையும் தொடுவதில்லை.

(அடிக்குறிப்பு: டால்ஃபின் பேச்சில் தஹானி டீச்சர் ஓர் எழுத்துப்பிழை திருத்தினார். கோடு நகர்ந்ததும் ஷவ்கிதான் என்று எழுந்தே நின்றுவிட்டேன்.)

5.

முதல் முடிவு: அவன் கதவைத் தட்டுகிறான், கட்டிப்பிடித்து இருவரும் — ரமலான் மாதத்து அழுமூஞ்சித் தொலைக்காட்சித் தொடர். அழித்தேன்.

இரண்டாம் முடிவு: ஒருநாள் பச்சைக் கோடு வருவதே இல்லை. இதை எழுதிய வேகத்திலேயே அழித்தேன்.

மூன்றாவது, இப்போது எழுதுவது. கோடு மேலே டால்ஃபின் பக்கம் நிற்கிறது.

விழுந்தவன் நான். குதித்தவன் ஷவ்கி. எனக்கு நீச்சல் தெரியாது; அதை யாரிடமும் சொல்லாமல் காத்தவனும் அவன்தான். அன்று அவன் மஞ்சள் சட்டை போட்டிருந்தான். நான் பிடித்த பிடியில் அதன் பை கிழிந்து என் கையோடு வந்தது.

வாசகரே, இந்தப் பத்தியில் ஒரே ஒரு பொய் இருக்கிறது: சட்டையின் நிறம். இணைப்பு உங்களிடமும் இருக்கிறது. மீனைத் திருத்துங்கள், புயலைக் குறையுங்கள், டால்ஃபினின் வாயை மூடுங்கள். முடிவைக்கூட உங்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். 'மஞ்சள்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அது ஒருவனுக்காக வைத்தது.

பச்சைக் கோடு இப்போதுதான் அந்த வரிக்கு இறங்கியிருக்கிறது.