வேணுவின் வண்டியில் எரிந்த விளக்கு

வேணுவின் வாடகைக் காரில், ஸ்டியரிங்குக்கு எதிரே கோளாறைச் சொல்லும் எஞ்சின் விளக்கு ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை எரியத் தொடங்கி, இரண்டு வருடம் நான்கு மாதம் அணையாமல் எரிந்தது. சாவியை எடுத்த பிறகும் எரிந்தது. பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தபோதும் எரிந்தது. அவலூர்பேட்டை சாலையில் பட்டறை வைத்திருக்கும் ராமகிருஷ்ணன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகிப் பார்த்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினார், புகைக்குழாயின் சென்சாரை மாற்றினார், ஆயில் பார்த்தார். கடைசியில் எல்லோருக்கும் சொல்வதையே வேணுவுக்கும் சொன்னார்: விளக்கு நின்று எரிந்தால் நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டு வர வேண்டும்; மினுக்கினால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். வேணுவின் விளக்கு ஒருநாளும் மினுக்கவில்லை.

அந்த விளக்குக்கு முன்னால் முன்சீட்டில் உட்கார்ந்தவர்கள் பேச்சை மறந்தார்கள். முதலில் ஒரு வக்கீல், பிறகு வரன் பார்த்துவிட்டுச் சண்டையோடு திரும்பிய ஒரு குடும்பம், பிறகு அழுதுகொண்டே ஏறிய ஆறு மாதக் கைக்குழந்தை. பின்சீட்டில் இருந்தவர்களுக்கும் போளூர் தாண்டுவதற்குள் அந்த மௌனம் வந்துவிட்டது. இறங்கும்போது எல்லோர் முகமும் கழுவி வைத்த பாத்திரம் போல இருந்தது. வேணுவின் ஊர், மௌனத்தைத் தேடிப் பல தேசங்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கும் மலையடி ஊர். ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலை ஸ்டாண்டில் பத்து வண்டிகள் நின்றாலும், வந்தவர்கள் விளக்கு வண்டி எது என்று கேட்டார்கள். விளக்கில் தெரிந்த மஞ்சள் உருவத்தை ராமகிருஷ்ணன் எஞ்சின் படம் என்றார். பயணிகளில் பாதிப் பேர் படுத்திருக்கும் நந்தி என்றார்கள்.

அதே ஸ்டாண்டில் இரண்டாவதாக நின்றது சக்கரபாணியின் வண்டி. இருவரும் ஒரே வாரத்தில், ஒரே கடையில், ஒரே வெள்ளை நிறத்தில் வாங்கியவர்கள். ராஜகோபுரத்துக்கு முன்னால் ஒரே குருக்கள் இரண்டுக்கும் பூஜை போட்டார். எலுமிச்சம்பழங்களை ஒரே கூடையிலிருந்துதான் எடுத்தார். வேணு மாதம் ஒருமுறை வண்டியைக் கழுவினால் அதிகம். சக்கரபாணி தினமும் துடைப்பான். சொன்ன கிலோமீட்டருக்கு ஐம்பது முன்பே ஆயில் மாற்றுவான். அப்படியிருக்க அந்த விளக்கு எதற்காக வேணுவிடம் போனது என்று அவன் யோசித்தான். காலையில் இட்லிக்கு முன்னால் யோசித்தான், குளிக்கும்போது யோசித்தான். முதல் வருடக் கார்த்திகை தீபத்துக்குள் ஆறு கிலோ இளைத்திருந்தான்.

அவனுக்கு நன்றாக வலித்தது அதற்கடுத்த பங்குனியில்தான். அவன் பெங்களூர் சவாரி போயிருந்த நாளில் அவன் மனைவி மதிவதனியின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, வேணுதான் அவளைச் செங்கத்துக்கு அழைத்துப் போய்க் கூட்டிவந்தான். மதிவதனி ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்ப்பவள். தூக்கத்தில்கூடப் பேசுவாள். அன்று திரும்பி வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது.

"இன்னா நெனைச்சிட்டு உக்காந்திருக்க?" என்று சக்கரபாணி கேட்டான்.

"ஒண்ணுமில்லங்க. அதான் நல்லா இருக்குது."

பதினோரு வருடக் குடித்தனத்தில் தன் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஒருமுறைகூட அப்படி ஒன்றுமில்லாமல் போனதில்லை என்பது அவனுக்குத் தெரியும். மறுநாள் பட்டறைக்குப் போய், தன் வண்டியிலும் அந்த விளக்கை எரிய வைக்க வேண்டும் என்றான். ராமகிருஷ்ணன் கையைத் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஊருல அத்தினி பேரும் அத அணைக்கச் சொல்லி வர்றான். நீ ஏத்தச் சொல்லி வர்ற. தீபம்னு நெனைச்சியா? போப்பா, வேலை கெடக்குது."

அவனாகவே முயன்றான். டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டினான்; விளக்கு வந்து இரண்டு நாளில் போய்விட்டது. ஒரு வயரைப் பிடுங்கினான். அது வெறும் வெளிச்சமாக எரிந்தது, முன்சீட்டில் இருந்த ஆடிட்டர் திண்டிவனம் வரை வாய் ஓயவில்லை. வேணு செய்யாததையெல்லாம் செய்ததால்தான் விளக்கு தன்னிடம் வரவில்லை என்று கடைசியில் முடிவு செய்தான். துடைப்பதை நிறுத்தினான். ஆயில் மாற்றுவதை நிறுத்தினான். பிளக், ஃபில்டர் எதையும் தொடவில்லை. ஒன்றேகால் வருடம் அந்த வண்டி வீம்புக்கு நன்றாகவே ஓடியது.

மார்கழியில் ஒரு காலை, தானாகவே மஞ்சள் விளக்கு வந்தது. பக்கத்தில் சிவப்பாக, ஆயில் கேன் வடிவில் இன்னொன்றும் வந்தது. அதைக் கூடுதல் வரமாக எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு ஓடி வந்து, அடுப்பில் இருந்ததை இறக்கி வைக்கச் சொல்லி, மதிவதனியை முன்சீட்டில் உட்கார வைத்து, மலையை வலம் வரப் புறப்பட்டான். அவள் பேச்சு நிற்பதற்காக ஒவ்வொரு நிமிடமும் காத்திருந்தான். அவள் அடுப்பைப் பற்றிப் பேசினாள், கெஸ்ட் ஹவுஸ் மிக்ஸியைப் பற்றிப் பேசினாள். கிரிவலப் பாதையில் நிருதி லிங்கம் தாண்டியதும் விளக்கு மினுக்கத் தொடங்கியது. வண்டி குலுங்கியது.

"ஏங்க, மினுக்குதுங்க. ராமகிருஷ்ணண்ணா இன்னா சொன்னாரு? நிறுத்துங்க."

"சுத்த ஆரம்பிச்சா பாதியில நிக்கக் கூடாது, திரும்பவும் கூடாது. தெரியாதா உனக்கு?"

"அது நடக்கறவங்களுக்குங்க!"

அவன் நிறுத்தவில்லை. அடி அண்ணாமலைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் கருகிய வாடை வந்து, எஞ்சினுக்குள்ளே ஏதோ ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டது. வண்டி நின்றது. மதிவதனிதான் வேணுவுக்குப் போன் செய்தாள்.

வேணு தன் வண்டியில் கயிறோடு வந்தான். "ஆயிலு சொட்டுகூட இல்லியேடா மச்சான்," என்றான். வந்த வழியே இழுத்துப் போனால் கிட்டம்தான். ஆனால் பாதியில் திரும்பக் கூடாது என்று சக்கரபாணி அடம்பிடித்ததால், கயிறு கட்டிய இரண்டு வண்டிகளும் மலையைச் சுற்றியே ஊர்ந்து வந்தன. வாயு லிங்கத்தின் பக்கத்தில் கயிறு வெதுவெதுப்பானதை அங்கே கற்பூரம் விற்றுக்கொண்டிருந்த பச்சையம்மாள் தொட்டுப் பார்த்துச் சொன்னாள். குபேர லிங்கம் வந்தபோது வேணுவின் விளக்கு அணைந்திருந்தது. செத்துப்போன எஞ்சினோடு பின்னால் வந்த வண்டியில் மஞ்சள் விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தது. அதன் முன்சீட்டில் மதிவதனி பேச்சை நிறுத்தியிருந்தாள்.

சக்கரபாணியின் வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்த்த வேணு தன் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, சக்கரபாணியைக் கட்டிப்பிடித்து அழுதான். "ரெண்டு வருஷம்டா. என் வண்டியில நான் சொன்ன ஒரு ஜோக்குக்கு ஒருத்தன் சிரிக்கலடா. நல்லா இரு."

ராமகிருஷ்ணன் வந்து பார்த்து, எஞ்சின் இனி உயிர் பெறாது என்று சொல்லிவிட்டு, எரியும் விளக்கின் முன்னால் கால் மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வண்டி அதன் பிறகு அந்த வாசலை விட்டு அசையவில்லை. ஆட்கள் வந்து அதில் உட்கார்ந்து போகிறார்கள். சக்கரபாணி கதவைத் திறந்துவிடுகிறான், கண்ணாடியைத் துடைக்கிறான். சாயங்காலம் மதிவதனி வேலையிலிருந்து வந்து, ஒரு டீ குடிக்கும் நேரம் அவன் பக்கத்தில் முன்சீட்டில் பேசாமல் உட்காருகிறாள். அவன் கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் அவள் வேலைக்குப் போவதும் வருவதும், விளக்கு போன பிறகு ஷேர் சவாரி ஓடும் வேணுவின் வண்டியில்தான். அந்த வண்டியில் இப்போது ஏழு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவள் சிரிப்பு கேட்கும். அந்தச் சிரிப்புக்கும் கொஞ்சம் முன்னால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் சக்கரபாணியின் எதிரே மஞ்சள் விளக்கு மினுக்கத் தொடங்கும். மினுக்கினால் நிறுத்த வேண்டும். வண்டியோ நின்றுதான் இருக்கிறது. எதிர் டீக்கடை ஜோதியம்மாள் அதைப் பார்த்ததும் பாலை அடுப்பில் ஏற்றுகிறாள். வேணுவின் வண்டி வந்து நிற்பதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கிறது.