விண்கலத்தின் கழிவறைகள்

"உறையைக் கழட்டு மச்சான். என்ன, பல்லா புடுங்கப் போற?"

பல் டாக்டர் கையுறைகளைக் கழற்றிக் கட்டிலடியில் போட்டார். அவருடைய கிளினிக் வாசலில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். இடம் போதாமல் கடைசிப் பட்டத்தைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டான் என்று பலகை எழுதியவன்மேல் அவருக்கு இன்னும் மனத்தாங்கல். அப்பேர்ப்பட்டவரை ஏவி வேலை வாங்க முடிந்தவர் அக்கா புருஷன் ஒருவர்தான். அதுவும் படுத்த படுக்கையாக இருந்துகொண்டு.

டாக்டரின் மடியில் பிளாஸ்டிக் விண்கலத்தின் கீழ்ப்பாதி இருந்தது. கைக்குழந்தை அளவு நீளம். மேல்பாதி கட்டிலில், அத்தானின் முழங்காலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

காலையில் வந்து பார்த்த வைத்தியர் அக்காவைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "இன்னிக்குப் பொழுது தாண்டினா பெரிசு" என்றிருந்தார். அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். கடைசியாக ஏதோ சொல்லிவிட்டுப் போகத்தான் அத்தான் கூப்பிடுகிறார் என்று டாக்டர் காரில் வரும்போதே முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்தார். அத்தான் கேட்டது, வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியும் மெல்லிய இடுக்கியும்.

அத்தான் வேலையில் இருந்தவரை பெரிய கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு, சின்ன வயதில் பார்த்த ஒரு விண்வெளி டிவி தொடரின் கலம், நாமே ஒட்டிச் சேர்க்கும்படி, பெட்டியில் துண்டு துண்டாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு வாங்கினார். கையேட்டை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதுல கக்கூஸ் எங்க?"

கட்டளை அறை இருந்தது. ஆயுதக் கிடங்கு இருந்தது. சிறைச்சாலை, தோட்டம்கூட இருந்தன. தலைமுறை தலைமுறையாகப் போகிற பயணம் அது. தொடரில் அதன் தளபதி வாராவாரம் மேலங்கி பறக்க, இடுப்பில் கைவைத்து, "மனித குலத்தின் பெயரால்" என்று ஆரம்பிப்பார். அந்த இடுப்புக்குக் கீழே நடப்பதைப் பற்றி மனித குலம் யோசிக்கவே இல்லை.

அத்தான் யோசித்தார். கலத்தின் வயிற்றைத் திறந்து போட்டவர், பிறகு மூடவே இல்லை. வருகிற உறவினர்களெல்லாம் "கப்பல் எப்ப கிளம்புது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். அதிகம் சிரித்தவர் பல் டாக்டர். இன்றும் மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாக் குழாயும் சரிவா வச்சிருக்கீங்களே. விண்வெளியில மேல ஏது, கீழ ஏது?"

"தொடர்ல காபிக் கோப்பை மேசையில நிக்குதுடா. காபி கீழ நின்னா, குடிச்ச காபியும் கீழதான் போகும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தானுக்கு மூச்சு வாங்கியது. அக்கா குனிந்து, கட்டில் சட்டத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். காலையில் இருந்த அளவுதான் இப்போதும். பையை நேராக்குவதுபோல் ஒருமுறை தொட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இதை இப்ப மூடித்தான் ஆகணுமா?" என்றாள். "இத்தனை வருஷம் கண்ணு போக உழைச்சது. கண்ணாடிப் பெட்டியில திறந்தே வச்சா நாலு பேர் பாப்பாங்க."

"கக்கூஸை யாராவது பார்வைக்கு வைப்பாங்களா? கதவைச் சாத்தணும். இன்னிக்கே." அத்தான் தன் கைகளைப் போர்வைமேல் தூக்கிக் காட்டினார். அவை அவர் சொல்பேச்சைக் கேட்காமல் நடுங்கின. "என்னால முடியாது. இவனை விட்டா ஆள் இல்ல. மச்சான், வால் பக்கம் ஒரு குழாய் நழுவியிருக்கான்னு பாத்துட்டு மூடு."

டாக்டரும் அக்கா கட்சிதான். கண்ணாடிப் பெட்டிக்கு யாரிடம் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார். தளங்களுக்கு இடையே சின்னக் கண்ணாடியை நுழைத்தார். அத்தான் தலையணை ஓரம் தடவி ஒரு விசையை அழுத்தினார்.

உள்ளே விளக்கு எரிந்தது.

கண்ணாடியைச் சாய்த்ததும் ஒரு நடைகூடம் மெல்லத் திரும்பி டாக்டரின் கண்ணுக்குள் வந்தது. அதன் இருபுறமும் கதவுகள். அரைகுறையாகத் திறந்திருந்த ஒரு கதவுக்குள் இருக்கை, தொட்டி, எறும்பின் கால் தடிமனில் ஒரு குழாய்த் திருகு. அதற்குப் பின்னால் இன்னொரு நடைகூடம், அதற்கும் பின்னால் இன்னொன்று. பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து மயிரிழையாக்கிய குழாய்கள் சுவரெல்லாம் ஓடின. வருகிற தண்ணீருக்கு நீலம், போகிற தண்ணீருக்குப் பழுப்பு. ஒரு பழுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை நகர்த்தினார். அது இன்னொரு பழுப்போடு சேர்ந்து, பெருத்து, தளம் தளமாக இறங்கி, அடித்தொட்டிக்குள் போய், மறுபக்கம் நீலமாக வெளியே வந்து, மறுபடி மேலே ஏறியது. எங்கும் அறுபடவில்லை. எங்கும் சும்மா அழகுக்கு ஓடவில்லை.

நடுத்தளத்தில் ஒரு கதவின் முன்னால் ஆட்கள். அரிசி உயரம்கூட இல்லாத ஆட்கள். ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். ஒருவன் காலைக் காலோடு பின்னிக்கொண்டு நின்றான். அவனுக்கும் பின்னால், மேலங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தளபதி.

இத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடியில் சொத்தையும் பற்காரையுமே பார்த்தவர் டாக்டர். ஊர்க்காரர்கள் வாயைத் திறக்க அவர் பார்த்தார். இன்று அவர் வாய் திறந்திருந்தது.

"ஈ போயிடப் போகுதுடா" என்றாள் அக்கா.

"அத்தான்... தளபதி வரிசையில நிக்கிறாரு."

"பின்ன? முட்டிக்கிட்டு வந்தா நிக்கத்தானே வேணும்."

"இதை மூடிட்டா யாருக்குமே தெரியாதே."

"உள்ள இருக்கறவங்களுக்கு அவசரம்டா. மூடு."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கித் தானும் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மேல்பாதியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அது ஒட்டுகிற பசை இல்லை, உருக்குகிற பசை. பிளாஸ்டிக்கின் இரண்டு விளிம்பையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். தூரிகையால் விளிம்பைத் தொட்டதும் அது தானாகவே ஓடிப் பரவியது. டாக்டர் இரண்டு பாதிகளையும் சேர்த்து அழுத்தினார்.

"நான் சொல்ற வரைக்கும் விடாத" என்றார் அத்தான்.

மின்விசிறி சுற்றியது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அத்தானின் கண் அந்த இணைப்புக் கோட்டின் மேலேயே இருந்தது. டாக்டரும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால், அந்தப் பார்வை எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

"டேய்" என்றாள் அக்கா. "மூச்சு... நீ டாக்டர்தானே, பாருடா."

"கையை எடுக்க முடியாதுக்கா."

அக்கா கணவரைப் பார்த்தாள். கலத்தைப் பார்த்தாள். "விடாத" என்றாள்.

தானே அவர் மூக்கருகே விரலை வைத்தாள். நெஞ்சில் காது வைத்தாள். அப்படியே இருந்தாள். தெருவில் வண்டி ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

தலையை எடுக்காமலே கேட்டாள். "ஒட்டிடுச்சா?"

"தெரியலக்கா. அவர்தான் சொல்லணும்."

அக்கா எழுந்து வந்து, தம்பியின் கைகள்மேல் தன் கைகளை வைத்து அழுத்தினாள். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி மங்குகிற வரை இருவரும் கையை எடுக்கவில்லை.

"போதும்" என்றாள் பிறகு. "விடு."

மறுநாள் தகனத்துக்கு முன்னால் குடியிருப்போர் சங்கத் தலைவர் பேசினார். பசை நாற்றம் என்று முன்பு புகார் கொடுத்தவர் அவர்தான். "விண்ணையே அளந்த மாமனிதர் இன்று விண்ணோடு கலந்துவிட்டார்" என்றார். வழக்கமாக இந்த மாதிரி இடங்களில் அவருக்கும் மேலே ஒரு படி போய்ப் பேசுகிற பல் டாக்டரைப் பார்த்து, "நீங்க ரெண்டு வார்த்தை" என்றார். டாக்டர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் அக்கா கட்டில் விரிப்பை உருவினாள். பாதியில் நின்றாள்.

"இங்க வா. இடுக்கியை எடுத்துட்டு வா."

விரிப்பின் மடிப்பில் ஓர் ஆள். எப்படியோ வெளியே தங்கிவிட்டவன்.

"இவன் ஏற மறந்துட்டான் போலருக்கு" என்றாள்.

டாக்டர் அவனை இடுக்கியில் எடுத்துக்கொண்டு கலத்திடம் போனார். உள்ளே விட வழியில்லை. இணைப்புக் கோடு எங்கே என்றே தெரியவில்லை. ஓர் இடத்தில் மட்டும், பசை கசிந்து இளகிய பிளாஸ்டிக்கில், அவருடைய கட்டை விரல் ரேகை பதிந்து இறுகியிருந்தது.

"உப்புத்தாள் இருக்குக்கா. தேச்சிடலாம்."

டாக்டர் குனிந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது ரேகைகள் வளைந்து வளைந்து, உழுத நிலம் மாதிரிப் போயின. இடுக்கியைத் தாழ்த்தி, இரண்டு வரப்புக்கு நடுவில் அவனை நிறுத்தினார். பசை தேவைப்படவில்லை. பள்ளத்தில் கால் பொருந்தி நின்றுகொண்டான்.

அக்கா எட்டிப் போய் மின்விசிறியை நிறுத்தினாள்.