இடப்பக்கக் கண்ணாடி

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு ஜோடிக் கண்ணாடி வாங்க பவனேஷ் எடுத்துக்கொண்ட நேரத்தில் வேறொருவன் பெண் பார்த்துக் கல்யாணமே முடித்திருப்பான். வண்டியோடு வந்த கண்ணாடியில் தன் முழங்கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று கழற்றிப் போட்டான். அடுத்து வாங்கியது வேகம் பிடித்ததும் நடுங்கியது. பின்னால் வருவது லோரியா பஸ்ஸா என்றே புரியவில்லையாம். கடைசியில் கோல சிலாங்கூர் நஜீப் கடையில் நீளக் கம்பி வைத்த ஒரு ஜோடியைப் பிடித்து, ஒரு சனிக்கிழமை முழுக்க வீட்டு போர்ச்சில் உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்தான். கட்டிய மனைவியின் முகத்தை இவன் இப்படி உற்றுப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று சமையலறை ஜன்னலில் நின்ற லோகேஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலையில் அவன் எழுந்திருப்பதற்குள் அவள் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். வலப்பக்கக் கண்ணாடியில் ரோடு, சாக்கடை, எதிர்வீட்டு ரம்புத்தான் மரம் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. இடப்பக்கத்தில் ரோடே இல்லை. அவள் தோளும், தோளுக்குப் பின்னால் காலியான பின்னிருக்கையும்தான். அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் முகம் நேராகத் தெரியும்.

லோகேஸ்வரிக்குத் திக்கென்றது. ஏனென்றால் அந்தப் பின்னிருக்கையில் அவள் உட்கார்வதில்லை.

பக்கத்து வீட்டு உஷாராணியிடம் யாருக்கோ நடந்தது மாதிரி சொல்லிப் பார்த்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என் தம்பி லவ் பண்ணப்போ இப்படித்தான் லா திருப்பி வெச்சிருந்தான். அந்தப் பொண்ணு மொகம் தெரியணுமாம். பின்னால வர்ற லோரிய எவன் பாத்தான்?"

அன்று சாயங்காலமே லோகேஸ்வரி கண்ணாடியை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். மறுநாள் அது மறுபடியும் உள்பக்கம் திரும்பியிருந்தது. திரும்பவும் மாற்றினாள், திரும்பவும் உள்ளே வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் அவனிடமே கேட்டாள்.

"பார்க்கிங்ல எவனாச்சும் இடிச்சிருப்பான் லா," என்றான் பவனேஷ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கு இருந்த கோபம் கண்ணாடியோடு மட்டும் நிற்கிற கோபம் அல்ல. இரண்டு தீபாவளிக்கு முன்னால், கலும்பாங்கில் இருக்கும் அவன் மாமா வீட்டு விருந்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குறுக்குவழி என்று செம்பனைத் தோட்டத்துக்குள் வண்டியை விட்டான். ஒரு மேட்டில் வண்டி எகிறியது, பின்னால் இருந்தவள் மண்ணில் விழுந்தாள். பவனேஷ் நிற்கவில்லை. அவள் கூப்பிடக் கூப்பிட, மரங்களுக்கு நடுவே அவன் போய் மறைந்தான். பெட்ரோல் ஸ்டேஷன் வரை போய், என்னவோ பேச்சுக் கொடுத்துப் பதில் வராத பிறகுதான் திரும்பிப் பார்த்தானாம். உடைந்த காறை எலும்பு சேர்ந்துவிட்டது. பின்னால் மனைவி இல்லை என்பதுகூடத் தெரியாமல் ஒரு மனிதனால் அவ்வளவு தூரம் போக முடியுமா என்ற கேள்வி மட்டும் சேரவே இல்லை. அவனிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். அப்படிப்பட்டவன் இப்போது எவளோ ஒருத்தியின் முகத்துக்காகக் கண்ணாடி தேடி அலைகிறான்.

வேலை முடிந்து வரும் வழியில் நஜீப் கடையில் நிறுத்தினாள்.

"பவனேஷ் அண்ணன் கண்ணாடிய என்ன சொல்லி வாங்குனாரு?"

"பின்னால உக்கார்றவங்க மொகம் நல்லாத் தெரியணும்னாரு. அதான் நீளக் கம்பியா குடுத்தேன். கம்பி கட்டையா இருந்தா அவரு தோளே மறைச்சிடும்," என்ற நஜீப், அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் தயங்கினான். "உங்களுக்குத்தானேக்கா?"

"ஆமா. எனக்குத்தான்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவமானத்தில் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடலோர ஊரான பாகான் நக்கோடா ஓமாருக்குக் கூட்டாளிகளோடு போகிறேன், மீன் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று பவனேஷ் கிளம்பினான். அலமாரியில் லோகேஸ்வரியின் பழைய ஹெல்மெட்டைக் காணோம். கதவுக்குப் பின்னால் தொங்கிய மஞ்சள் மழைக்கோட்டும் இல்லை. திருட்டு உறவுக்கு என் பொருள்தான் கிடைத்ததா என்று பல்லைக் கடித்துக்கொண்டு தன் சின்ன மோட்டார் சைக்கிளான கப்சாயை உதைத்துக் கிளப்பினாள்.

அவனைத் தொடர்வது பெரிய வித்தையாக இல்லை. இடப்பக்கக் கண்ணாடி பின்னிருக்கையைத்தான் காட்டுகிறது என்றால் ரோட்டின் இடப்பக்கம் அவனுக்குக் குருடு. ஓரத்தைவிட்டு நகராமல் போனாள். பாகான் நக்கோடா ஓமாருக்கு வடக்கே நேராகப் போகவேண்டும். அவன் வலப்பக்கம் திரும்பிச் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தான். அவள் விழுந்த அதே தோட்டம்! இடம் பார்த்து வைத்திருக்கிறான் பாரேன் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணியின் மூடிக் கிடந்த பழைய ஆபிசுக்குப் பின்னால் அவன் போனான். லோகேஸ்வரி பழக்குலைகள் குவித்திருந்த இடத்தில் ஒதுங்கி நின்றாள். கொஞ்ச நேரத்தில் வண்டி மண்சாலைக்கு வந்தது. பின்னிருக்கையில் ஆள். அவளுடைய மழைக்கோட்டு, அவளுடைய ஹெல்மெட். கட்டையாக, அசையாமல், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள் அந்தச் சண்டாளி.

லோகேஸ்வரி கப்சாயை முறுக்கினாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனாள். அவள் நெருங்குவதற்குள் முன்வண்டி மேட்டில் ஏறி எகிறியது. பின்னால் இருந்தவள் பக்கவாட்டில் சாய்ந்து, சின்னச் சத்தம்கூடப் போடாமல் மண்ணில் விழுந்தாள்.

வண்டி அங்கேயே நின்றது. ஸ்டாண்டு போடக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. ஈ உட்கார்ந்தாலே துணியெடுத்துத் துடைக்கிற வண்டியை அப்படியே சாயவிட்டான். இடப்பக்கக் கண்ணாடி கல்லில் மோதி நொறுங்கியது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவந்து மஞ்சள் கோட்டருகே மண்டியிட்டான்.

லோகேஸ்வரி பக்கத்தில் போய் இறங்கினாள். கோட்டுக்குள் இருந்தது உரச் சாக்கு. கிழிந்த மூலையில் மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க நீங்க?"

பவனேஷ் நிமிர்ந்து பார்த்தான். "லோகா..."

"இதைக் கட்டி வெச்சா என்ன?"

"கட்டுனா விழாது லா. விழணும். விழுந்தா எனக்குத் தெரியுதான்னு பாக்கணும்." அவன் சாக்கின் கிழிசலைக் கையால் பொத்தினான். "போன வாரம் விழுந்துச்சு, தெரியவே இல்ல. தோட்டத்து கேட் வரைக்கும் போயிட்டேன். இத சரி பண்ணாம உன்னை எப்படி மறுபடி ஏறுன்னு கேப்பேன்?"

"இன்னிக்குக் கண்ணாடில பாத்தீங்களா?"

"இல்ல. கண்ணாடியப் பாக்குறதுக்குள்ள வண்டி லேசாயிடுச்சு. ஒடம்புக்கே தெரிஞ்சிச்சு."

இரண்டு வருடமாக உள்ளே கிடந்த கேள்வியை லோகேஸ்வரி இப்போது கேட்டாள். "அப்ப அன்னிக்கும் லேசாகியிருக்கணுமே?"

பொய் சொல்ல அவனுக்கு வசதியாக ஆயிரம் பதில் இருந்தது. அவன் சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆச்சு லோகா. மேடு தாண்டுனதும் வண்டி என்னமா இழுக்குதுன்னு சந்தோஷமா இருந்துச்சு."

லோகேஸ்வரி அவன் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். அதற்குள் அழுகையும் வந்துவிட்டது, என்ன கருமமோ சிரிப்பும் வந்துவிட்டது. இதைவிடக் கேவலமான பதில் கிடைத்திருக்க முடியாது. ஆனால் இது உண்மை என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பின்னால் ஏறுகிறாயா என்று அவன் கேட்கவில்லை, அவளும் ஏறுவதாக இல்லை. "ஒரு கண்ணாடிய வெச்சிக்கிட்டு மெயின் ரோட்ல தனியாப் போகாதீங்க. நான் முன்னால போறேன், ஒட்டியே வாங்க," என்று கப்சாயைக் கிளப்பினாள்.

அவன் வருகிறானா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனாள். மெயின் ரோட்டில் ஏறியதும் பழக்குலை லோரி ஒன்று இடையில் புகுந்து அவனை மறைத்தது. லோரி அவளையும் தாண்டிப் போன பிறகு பார்த்தால் பின்னால் ரோடு காலியாக இருந்தது. இரண்டு வருடமாக இவன் எங்காவது தொலைந்து போகட்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், அடுத்த நொடியே ஓரங்கட்டி நிறுத்தினாள். அவன் வளைவு திரும்பி வந்து சேரும்வரை அழுதாள். வந்து சேர்ந்ததும் திட்டினாள்.