கால்மாட்டில் நிற்பவள்

ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, முன்னாள் படைவீரர் குடும்ப நல மையத்தின் தரைத்தளக் கூடத்தில் ஏழு பேருக்கு ஏழு உதவி நாய்கள் ஒப்படைக்கப்பட்டன.

ஐந்தாவதாகக் கையெழுத்துப் போட்டவரை எல்லோரும் லாரிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்தில் சரக்கு லாரி ஓட்டியவர். அவருக்கு முன்னால் போன வண்டி ஒருநாள் வெடித்துச் சிதறியது. அதிலிருந்து தூக்கத்தில் அலறுகிறார். இப்போது தண்ணீர் பாட்டில் கம்பெனியில் விடியற்காலை ஷிப்ட். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தூங்குவார். அலறலும் அந்த நேரத்தில்தான்.

எழுப்புவது மனைவியின் வேலை. முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் போய், கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவருடைய இடது கால் கட்டைவிரலை இரண்டு தடவை அழுத்துவாள். தோளைத் தொட்டால் கை வீசுவார். ஆரம்பத்தில் அவள் மணிக்கட்டு அப்படித்தான் முறிந்தது. அதன் பிறகு அவளாகக் கண்டுபிடித்த வழி இது. பதினோரு வருடமாகத் தவறியதில்லை.

மையத்தின் விதி கறாரானது. முதல் முப்பது நாள் நாய்க்குச் சோறு வைப்பது, தடவிக் கொடுப்பது, கூப்பிடுவது எல்லாம் படைவீரர் மட்டுமே. வீட்டில் மற்றவர்கள் அதைக் கண்டுகொள்ளவே கூடாது. முப்பதாம் நாள் தேர்வு. தேறாவிட்டால், காத்திருக்கும் நாற்பத்தொரு பேரில் அடுத்தவருக்கு நாய் போய்விடும். மனைவியும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

செம்பட்டை நிறப் பெண் நாய். கல்யாணமான நாளிலிருந்து மனைவியை "இந்தா" என்றே கூப்பிட்டு வந்தவர், அதைத் "தங்கம்" என்றார்.

தங்கை போன் பண்ணினாள். "என்னக்கா, சக்களத்தி எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, கொழுகொழுன்னு இருக்கா."

"சமைக்கிறாளா?"

"அது தெரியாது. அதனாலதான் என்னை இன்னும் வீட்ல வச்சிருக்காரு."

இருவரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள் மதியம் அலறல் கேட்டது. கழுத்தில் இன்ச் டேப் தொங்க ஓடினாள். நாய் முந்திக்கொண்டது. கால்மாட்டில் நின்று, மூக்கால் அவருடைய இடது கால் கட்டைவிரலை இரண்டு தடவை இடித்தது. அவர் கண்ணைத் திறந்தார். கை வீசவில்லை.

"நான் வந்துட்டேன்" என்றாள் வாசற்படியிலிருந்து.

"நீ போய்த் தை. இவ பாத்துக்குவா."

அன்று ஒரு சட்டையின் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தாள். இந்த நாய் வந்ததிலிருந்து அவள் ஒரு தடவைகூட அவரை எழுப்பவில்லை. பிறகு எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டது? அதே விரல். அதே இரண்டு தடவை.

ஆறாம் நாளிலிருந்து, அவர் குளிக்கப் போகும் கால் மணி நேரத்தில், மெஷினுக்குக் கீழே வைத்து நாய்க்கு அவித்த முட்டை கொடுத்தாள். தினமும் ஒன்று. துணித் துண்டில் சுற்றி வைத்திருப்பாள். சாப்பிட்டு முடித்ததும் நாய் தலையை அவள் மடியில் வைக்கும். அவள் தள்ளிவிடுவதில்லை.

முப்பதாம் நாள் அதே கூடத்தில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். லாரிக்காரர் படுத்து, சொல்லிக் கொடுத்தபடி முனகி, காலை உதைத்தார். நாய் எழுந்தது. கட்டிலைத் தாண்டி நேராக மனைவியிடம் போய், அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

பயிற்சி தரும் அம்மாள் பேனாவை மூடினார். "வீட்ல யார் சாப்பாடு போடறது?"

"நான்தாங்க" என்றார் லாரிக்காரர், எழுந்து உட்கார்ந்து. "இவ கிட்டகூட வரமாட்டா மேடம். சத்தியமா."



"எட்டு மாசம் பாடுபட்டோம்மா" என்று அந்த அம்மாள் கோப்பைப் பிரித்தார். "எழுப்பற விதம் ஒவ்வொருத்தருக்கும் வேற. இவர் விண்ணப்பத்துல எழுதினத வச்சுத்தான் இதுக்குப் பழக்கினோம். கேளுங்க. 'என்னை எழுப்புவது மனைவி. கால்மாட்டில் நின்று இடது கால் கட்டைவிரலை இரண்டு தடவை அழுத்துவாள். வேறு எப்படி எழுப்பினாலும் பயந்துவிடுவேன். இதனால் அவள் பதினோரு வருடமாக வெளியூர் போனதில்லை. தங்கை பிரசவத்துக்கும் போகவில்லை. நாய் கிடைத்தால் போவாள்.'"

லாரிக்காரர் தரையைப் பார்த்தார். "அதையெல்லாம் எதுக்கு மேடம் சத்தமாப் படிக்கிறீங்க?"

நாயின் தலை இன்னும் அவள் மடியில் இருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றாள். "முட்டை. இருபத்தஞ்சு நாளா. இவர் கூப்பிட்டா அது போகக் கூடாதுன்னுதான் போட்டேன்."

லாரிக்காரர் நிமிர்ந்து, "எனக்கு ஒரு நாளும் அவிச்சுத் தந்ததில்லையே" என்றார்.

பயிற்சி அம்மாள் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொன்னதால ஒரே ஒரு தடவை மறுதேர்வு தரலாம். மறுபடி முப்பது நாள், முதல்லேருந்து. ஆனா நீங்க அந்த வீட்ல இருக்கக் கூடாது. உங்க வாசனையே இருக்கக் கூடாது."

"நான் எங்கே போவேன்?"

"தங்கச்சி வீட்டுக்குப் போ" என்றார் லாரிக்காரர்.

மறுநாள் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு பஸ் ஏறினாள். தங்கை மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனை அவள் முதல் தடவையாக நேரில் பார்த்தாள்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மறுதேர்வு. அன்று மதியம் லாரிக்காரர் போன் பண்ணினார்.

"நேராப் போச்சா?" என்று கேட்டாள்.

"நேரா வந்துச்சு."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

நாய் அவர் பெயரில் நிரந்தரமாகப் பதிவானது. அவள் மேலும் நான்கு நாள் தங்கையிடம் இருந்துவிட்டு, சனிக்கிழமை பஸ்ஸில் வீடு திரும்பினாள்.