இடது பெடல்

மருந்து ஓஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மெக்கானிக் வயல் ஓரத்தில் நின்றிருந்தான். காலையிலிருந்து ஹெலிகாப்டர் பத்து தடவை இறங்கி ஏறிவிட்டது. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன வண்டி அது. ஒரு இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூச்சிமருந்துத் தொட்டியை வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவன் அவனுடைய தங்கை புருஷன். இறங்கினாலும் மேல் விசிறி நிற்காது. குனிந்தபடி ஓடி, ஓஸை மாட்டி, தொட்டி நிரம்பியதும் அதே வேகத்தில் விலகி வர வேண்டும்.

பதினோராவது தடவை இறங்கியபோது மாப்பிள்ளை கதவு வழியாகக் கத்தினான். "மச்சான், இடது பெடல் ரொம்ப முரண்டு பிடிக்குது. உன் தங்கச்சிகூட இவ்வளவு பிடிக்க மாட்டா!"

"நிறுத்திடலாமா மாப்ள?"

"இன்னும் ரெண்டு வயல்தானே? முடிச்சுட்டே வந்துடறேன்."

மெக்கானிக் சரியென்று தலையாட்டிவிட்டு விலகினான்.

வயலின் கடைசி முனையில் திரும்பும்போது சத்தம் மாறியது. பெடலோடு இணைந்த, வாலில் இருக்கிற சின்ன விசிறிதான் வண்டியின் உடம்பை நேராகப் பிடித்து வைக்கிறது. அது போய்விட்டால், மேல் விசிறி ஒரு பக்கம் சுற்ற, வண்டி எதிர்ப்பக்கம் சுற்றும். ஒரு சுற்று சுற்றியது, இரண்டு சுற்றியது. மூன்றாவது சுற்றில் கண்ணாடிக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் முகம் ஒரு நொடி இவன் பக்கம் வந்துவிட்டுப் போனது. "இஞ்சினை அணை! ஐயோ, அணைச்சுடு மாப்ள!" என்று இவன் அலறியது யாருக்கும் கேட்டிருக்காது. வண்டி வயலில் விழுவதற்கு முன்பே அவன் அணைத்துத்தான் இருந்தான். அதனால்தான் உயிர் மிஞ்சியது என்று பிறகு சொன்னார்கள்.

கழுத்துக்குக் கீழே உணர்ச்சியோ அசைவோ எதுவும் மிஞ்சவில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. கோளாறைப் பராமரிப்புப் புத்தகத்தில் எழுதினால், சரிசெய்கிற வரை வண்டியைப் பறக்கவிடக் கூடாது. மருந்தடிக்கிற பருவமோ ஆறே வாரம். அதனால் கோளாறைக் கொட்டகைச் சுவரிலிருந்த கரும்பலகையில் எழுதுவார்கள். புதுச் சாமான் வந்து மாட்டிய பிறகுதான் புத்தகத்தில் ஏற்றுவார்கள். 'வால் விசிறி பேரிங் ஆட்டம்' என்று மெக்கானிக் மூன்று வாரத்துக்கு முன்பே அதில் எழுதியிருந்தான். தினமும் காலையில் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் புத்தகத்தில் 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டான். மாப்பிள்ளையும் அதைப் படித்துவிட்டுத்தான் ஏறினான். மூன்று வாரம் ஒன்றும் ஆகாததால், இனியும் ஒன்றும் ஆகாது என்று இரண்டு பேருக்கும் ஒரு தைரியம் வந்துவிட்டது.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் மெக்கானிக் கொட்டகைக்கு ஓடினான். யாரோ ஈரத்துணியால் பலகையைத் துடைத்திருந்தார்கள். சாக்பீஸ் டப்பாவைக்கூடக் காணோம்.

ஐந்தாம் நாள் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாப்பிள்ளையின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. புத்தகத்துல இருக்கறது உங்க கையெழுத்து தம்பி," என்றார் மெக்கானிக்கிடம். "முதலாளி எங்கயும் கையெழுத்துப் போடலை. வண்டியில கோளாறுன்னு ஆச்சுன்னா உள்ள போறது நீங்கதான்."

"பலகையில எழுதியிருந்தேனே சார்! நீங்களே பார்த்தீங்களே!"

"எந்தப் பலகை?"

மேனேஜர் அவனைப் பார்க்காமல், தலைமாட்டில் நின்றிருந்த தங்கையின் பக்கம் திரும்பினார். "ஓட்டினவர் கவனக்குறைவுன்னு ஆச்சுன்னா இவ்வளவு சிக்கல் இல்லைம்மா. மனிதாபிமானத்துல மூணு மாசம் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கறேன்னு முதலாளி சொல்லியிருக்கார்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். "பேரிங் போயிருந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"இவருக்கு?"

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "எனக்கும் தெரியும்."

"அடப்பாவிகளா!" என்றாள். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "தினமும் ராத்திரி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து தின்னீங்க. என் சமையலுக்கு உப்பு பத்தலைன்னு கிண்டல் பண்ண வாய் இருந்துச்சு. இதைச் சொல்ல வாய் வரலையா?"

மெக்கானிக் சுவரோடு சாய்ந்துகொண்டான். அவள் திட்டியது போதாது, அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. "நான் உண்மையைச் சொல்லிடறேன்," என்றான். "உள்ள போறதுன்னா போறேன்."

"போய்?" என்றான் மாப்பிள்ளை. தலையைத் திருப்ப முடியாததால் கூரையைப் பார்த்தபடியே பேசினான். "என்னை யாரு தூக்கி உட்கார வைப்பா? புரட்டிப் போட, குளிப்பாட்ட, இவ ஒருத்தியால ஆகுமா? உன் தோள்தான் மச்சான் எனக்கு வேணும். உண்மையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

மேனேஜர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். தாழ்வாகப் பறந்ததும், முனையில் அவசரமாகத் திருப்பியதும் தன்னுடைய தவறு, வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்று மாப்பிள்ளையே சொல்வதுபோல் அதில் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றான் மாப்பிள்ளை. "கேட்கக் கேட்க நானே அப்படித்தான் ஓட்டினேன்னு தோணுது. வாயில பேனாவைக் குடுங்க, கையெழுத்துப் போட்டுப் பார்க்கறேன்."

"அதெல்லாம் எதுக்கு? கைநாட்டு போதும்." மேனேஜர் மைப்பெட்டியையும் கொண்டுவந்திருந்தார்.

மெக்கானிக் அதைத் தொடவில்லை. தங்கைதான் போர்வைக்குள்ளிருந்து புருஷனின் கையை வெளியே எடுத்தாள். அது கனமாக இருந்தது. கட்டை விரலைப் பிரித்து மையில் ஒற்றி, மேனேஜர் காட்டிய இடத்தில் வைத்து, நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள். மேனேஜர் காகிதத்தை ஊதிக் காயவைத்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அவள் தன் முந்தானையை எச்சிலில் நனைத்து அந்த விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் கைநாட்டை வைம்மா," என்றான் அவன், கூரையைப் பார்த்தபடி. "அவரை எவ்வளவு நேரம் காக்க வைப்பே?"