பானெட்டில் கை வைத்தவர்கள்

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகத்தான் பிறந்தது. பக்கத்து வீட்டு நோலின் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "நீதான் எழுத்தாளனாச்சே, டெஸ்ஸோட காரை விக்கணும். ரெண்டு வரி எழுதிக் கொடேன்" என்றாள். ஆஸ்திரேலியாவில் இந்த ஜீலாங்குக்கு வந்து இருபது வருஷத்தில் என்னை எழுதச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எழுதினேன்:

'1972 ஃபால்கன். நாலு கதவு. பந்தயத்துக்கு இழைத்த வி-எட்டு எஞ்சின், கட்டியவர் உரிமையாளரே. சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வேண்டாம். விற்கக் காரணம்:'

அந்த முக்காற்புள்ளியோடு நின்றுவிட்டேன்.

2

காரணம் இது. நோலினின் கணவர் டெஸ்ஸுக்கு நடுப்பார்வை போய்விட்டது. ஓரம் மட்டும் தெரியும். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. காலையில் ஷெட்டுக்குள்ளேயே காரை ஸ்டார்ட் செய்து காது குளிரக் கேட்பதோடு சரி என்றுதான் நோலின் நம்பியிருந்தாள். போன மாதம் ஒருநாள் பார்த்தால் ஷெட் காலி.

(இங்கே அவள் பதற்றத்தை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவள் பதறவில்லை. வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.)

கார் உறுமிக்கொண்டு திரும்பி வந்தது. டெஸ் கையில் சூடாக ஒரு இறைச்சிப் பை. துணிப்பை அல்ல, மாவுக்குள் இறைச்சியை வைத்துச் சுட்ட, தின்கிற பை. தமிழில் இது ஒரு தொல்லை.

"பேக்கரிக்குத்தானே போனேன்? வழி மனப்பாடம்டி எனக்கு."

"தெருவுல வர்ற புள்ளைங்களுமா மனப்பாடம்? மூலை வீட்டுப் பொண்ணு உன் காருக்குப் பயந்து சைக்கிளோட புல்லுல விழுந்து கெடந்தா!"

டெஸ் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. பையைத் தின்னாமல் கீழே வைத்தார். "வித்துடு" என்றார்.

3

[கைவிட்ட தொடக்கம்: 'எட்டு சிலிண்டர்களின் இடியோசையில் ஒரு மனிதனின் இளமை...' சீ. டெஸ் கேட்டால் காறித் துப்புவார்.]

பழைய கார் வாங்க வருகிறவன் முதலில் செய்வது பானெட்டின் மேல் கை வைப்பது. சில்லென்று இருந்தால் நல்லது. சூடாக இருந்தால், விற்கிறவன் முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டு எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். புகையோ தட்டல் சத்தமோ, குளிர்ந்த எஞ்சினில்தான் வெளிப்படும்.

பல்லாரட்டிலிருந்து வந்தவர் கை வைத்தார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். அடுத்து வந்த அண்ணன் தம்பிகளும் அப்படியே. ஆள் வருகிற நேரம் பார்த்து டெஸ் ஸ்டார்ட் செய்துவிடுகிறார்.

4

இங்கேதான் எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. காலமெல்லாம் எஞ்சின் கட்டியவருக்குச் சூடான பானெட் என்ன சொல்லும் என்று தெரியாதா? வேண்டுமென்றே கெடுக்கிறாரா, இல்லை இன்றோடு போய்விடுமே என்று மனசு தாங்காமல் செய்கிறாரா? எதை வைத்து எழுதுவது என்று குழம்பி, நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"ஏன் மாப்ளே, ரெண்டுமா இருக்கக் கூடாதா?" என்றார்.

5

நேற்று காரைப் பார்க்க கர்ஸ்டி என்று ஒருத்தி வந்தாள். கொலாக் பக்கம் லாரி மெக்கானிக். கை வைத்தாள், சுட்டது. ஆனால் போகவில்லை.

"என்ன தாத்தா, எதை மறைக்கிறீங்க?"

"தாத்தா உங்க வீட்டுல இருப்பாரு. எஞ்சின்ல ஒரு குத்தம் சொல்லு பாப்போம்."

"நாளைக்குக் காலையில வர்றேன். ஜில்லுனு இருந்தா கையோட ஓட்டிட்டுப் போறேன். சுட்டுச்சுன்னா இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன்."

அவளை விட்டால் வேறு யாரும் விசாரிக்கக்கூட இல்லை. அவள் போனதும் நோலின் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "எங்க ஒளிச்சாலும் தடவியே கண்டுபிடிச்சிடுறாரு. காலையில அவ வர்ற வரைக்கும் நீ வெச்சிரு."

6

முடிவு அ: பானெட் சில்லென்று இருக்கிறது. கார் போய்விடுகிறது. மறுநாள் டெஸ் காலி ஷெட்டில் நாற்காலி போட்டு உட்காருகிறார். எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: பானெட் சுடுகிறது. கர்ஸ்டி போய்விடுகிறாள். கார் ஷெட்டிலேயே நிற்கிறது. சில வாரம் கழித்து டெஸ்ஸுக்கு மறுபடி பேக்கரி ஞாபகம் வருகிறது. மூலை வீட்டுப் பெண் அன்றைக்குச் சைக்கிளில்...

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

முடிவு இ: இருங்கள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

7

டெஸ்தான். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. கர்ஸ்டி கிளம்பியிருப்பாள்.

"சாவி உங்கிட்டதான் இருக்குன்னு தெரியும் மாப்ளே. ஒரே ஒரு தடவை. ஷெட்டை விட்டு வெளிய எடுக்க மாட்டேன், சத்தியமா."

"அவ வந்து ஸ்டார்ட் பண்ணுவாளே டெஸ். அப்பக் கேட்டுக்கலாமே?"

"அவ பண்ணா அது அவ வண்டி."

கையை நீட்டிவிட்டார். வாசகரே, கொஞ்சம் இப்படி வந்து என் இடத்தில் நில்லுங்கள். எதிரே நிற்கிறவர் முகம் அவருக்குத் தெரியாது. நான் நகர்ந்துகொண்டதும் தெரியாது.

சாவியைப் பிடியுங்கள். அவர் கேட்டது உங்களைத்தான்.