சுவிட்ச் போட்டவர்

இசைக் கலைஞர் ரேஃப் டெலமியரைப் பற்றி வானொலியில் ஆறு வாரத் தொடர் செய்வது என்று முடிவானபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் மிக உயர்ந்தது. டெலமியரைப் பற்றி எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். இனி அவரோடு வாசித்தவர்களைப் பற்றிப் பேசுவோம். ஆளுக்கொரு வாரம். கடைசி வாரம் மட்டும் டெலமியருக்கு. மற்றவர்களும் தங்கள் வாரம் முழுக்க டெலமியரைப் பற்றியேதான் பேசினார்கள் என்பது வேறு விஷயம். டெலமியர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒலிபரப்புக்கு முன் எல்லாவற்றையும் தாம் கேட்க வேண்டும். தோழர்கள் தங்களைப் பற்றித் தவறாக எதையாவது சொல்லிவிடக் கூடாதே என்ற அக்கறை.

பேட்டி எடுத்தவள் இமோஜென் ஹேல். அதை வெட்டி ஒட்டியவன் நான்.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பேட்டி எடுப்பவரின் குரல் வரவே கூடாது. கேள்வியை எடுத்துவிட்டால், பதில் சொல்பவர் நேராக நம் காதில் பேசுவது போலிருக்கும். அதனால் பேட்டியின்போது 'ம்' கூடச் சொல்லக் கூடாது. அந்த 'ம்' எதிராளியின் சொல்லோடு ஒட்டிக்கொண்டால், பிறகு எந்தக் கத்தியாலும் பிரிக்க முடியாது. அதற்குப் பதிலாகத் தலையை ஆட்டுவோம். இமோஜென் எங்கள் நிலையத்திலேயே மிகச் சிறந்த தலையாட்டி. அவள் தலையாட்டினால் கல்லும் மனம் திறந்து பேசும்.

பேட்டிகளில் எல்லாம் கடைசியில் வந்து நின்றது அந்தப் பாட்டின் தொடக்கம். எந்தப் பாட்டு என்று இந்த நாட்டில் யாரும் கேட்பதில்லை. ஆழத்திலிருந்து ஓர் ஒலி முனகிக்கொண்டே மேலேறி வந்து சட்டென்று சுருதியில் நிற்குமே, அதுதான். மனித ஆன்மாவின் ஓலம் என்று அதைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் கட்டுரைகள் இருக்கின்றன. தமக்கு அது கனவில் வந்ததாக டெலமியர் சொல்லுவார்.

உண்மையில் அது மின்சார ஆர்கனின் ஒலி. அந்தக் காலத்து ஆர்கனுக்குள் வரிசையாகப் பல்சக்கரங்கள் உண்டு. மோட்டார் அவற்றைச் சுழற்றும். சுழலும் வேகம்தான் சுருதி. சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டைகளை அழுத்திப் பிடித்தால், சக்கரம் தளரத் தளர சுருதி இறங்கும். மறுபடி சுவிட்சைப் போட்டால், வேகம் பிடிக்கப் பிடிக்க மேலே ஏறும். ஆன்மாவின் ஓலம் என்பது மோட்டார் வேகம் பிடிக்கும் சத்தம். எனக்கு இதில் ஏமாற்றமே இல்லை. ஒரு மோட்டாரை அப்படி அழவைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் பெரிது.

யாருக்குத் தோன்றியது? தன் யோசனை என்றார் கிட்டார்காரர். தன் யோசனை என்றார் டிரம்ஸ்காரர். பாஸ் வாசித்தவரும் ஒலிப்பதிவு செய்தவரும் அதையே சொன்னார்கள். மைக்கை அணைத்துப் பைக்குள் வைத்ததும், நால்வரும் தனித்தனியாக, கோட்டை மாட்டிக்கொண்டே, ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "அது கிளிஃப் போட்டதும்மா. ஒரு மத்தியானம் முழுக்கப் போட்டுப் போட்டு அணைச்சான். எல்லாருக்கும் தெரியும்." எங்கள் தொழிலில் உண்மை எப்போதும் மைக் பைக்குள் போன பிறகுதான் வரும்.

கிளிஃபோர்ட் பெக் ஆர்கன் வாசித்தவர். இங்கிலாந்தின் வடக்கே ஸ்டாக்போர்ட் நகரில் மனைவி யூனிஸோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கிறார். இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் கிடையாது. ஐந்தாம் வாரம் அவருடையது. வாழ்நாளில் ஒருமுறை, ஊர் கேட்க, அது கிளிஃப் பெக்கின் வேலை என்று யாராவது சொல்ல வேண்டும். அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது, நாங்கள் பேட்டிக்கு அவர் வீட்டுக்குப் போன அன்று அவர் போட்டிருந்த புது டையிலேயே தெரிந்தது.

யூனிஸ் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அந்தத் தொடக்கம் எப்படி வந்தது என்று இமோஜென் கேட்டாள்.

"அது ஒண்ணும் பெருசில்ல, கண்ணு," என்றார் கிளிஃப். "நான் சுவிட்ச் போட்டேன், அவ்வளவுதான்."

இமோஜென் தலையாட்டினாள்.

இங்கிலாந்தில் 'அவ்வளவுதான்' என்பது முழு வாக்கியமல்ல, பாதிதான். மறுபாதியை எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும்: 'சும்மா இருங்க சார், கதை விடாதீங்க.' உடனே இவர், 'சரி, கொஞ்சம் யோசிச்சேன்னு வச்சுக்கோங்க' என்பார். இன்னொரு தடவை மறுத்தால் முழு உண்மையும் வெளியே வரும். பந்தைத் தட்டிவிட்டவர், அது திரும்பி வரக் காத்திருப்பார். கிளிஃப் காத்திருந்தார்.

"பெட்டிதான் எல்லாம் செஞ்சது," என்று மறுபடி தட்டிவிட்டார்.

இமோஜென் இன்னும் கனிவாகத் தலையாட்டினாள்.

"யாரு வேணா போட்டிருக்கலாம்." அவர் காதுகள் சிவந்துவிட்டன. இமோஜென் அதையும் ஒப்புக்கொண்டாள்.

டெலமியரின் அனுமதி அன்றைக்கே வந்தது. "கிளிஃப் மனசு தங்கம். பொய்யே பேச மாட்டான்," என்று தொலைபேசியில் நெகிழ்ந்தார். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் முழுக்க விளம்பரம் ஓடியது: ஆன்மாவின் ஓலம், பிறகு கிளிஃபின் குரல் — 'நான் சுவிட்ச் போட்டேன், அவ்வளவுதான்' — பிறகு கிட்டார்காரரின் பேட்டியிலிருந்து எடுத்த ஒரு சிரிப்பு. ஒட்டியது நான்தான். ஒட்டு தெரியவே இல்லை.

அந்த வாரத்தின் நடுவிலேயே யூனிஸ் தொலைபேசியில் அழைத்தாள். இமோஜென் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏம்மா, பேப்பர் வாங்கப் போன மனுஷன்கிட்ட கடைக்காரன், 'அப்படியே அந்த லைட்டையும் போட்டுட்டுப் போங்க கிளிஃப்'ங்கறான். இந்த ஞாயித்துக்கிழம சர்ச்சுல வாசிக்க மாட்டேன்னுட்டாரு. ஆர்கன் பக்கமே போகல."

"அவர் சொன்னதத்தானே மேடம் போட்டோம்?"

"சொல்லத்தான் சொல்வாரு! நீதான் இல்லைன்னு சொல்லணும். உங்கம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியா?"

இமோஜென் என்னைப் பார்த்தாள். "நான் தலையாட்டினேனே."

"அதுதான் பிரச்சினை," என்றேன்.

மறுநாளே மறுபடி ஸ்டாக்போர்ட். இந்தத் தடவை டை இல்லை, பிஸ்கட்டும் இல்லை. நேராகவே கேட்டுவிடலாம் என்று இமோஜென் நினைத்தாள். "சார், 'அத உருவாக்கினது நான்தான்'னு ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. போதும்."

கிளிஃப் முயன்றார். அதை மறுக்க முடியாது. "அந்த நேரத்துல ஆர்கன் பக்கத்துல இருந்தவங்கள்ல நானும் ஒருத்தன்."

"இன்னும் கொஞ்சம் அழுத்தமா?"

"வேற யாரும் இருந்ததா ஞாபகம் இல்ல."

"இன்னும்?"

"விரல் என்னுது," என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "அந்த அளவுக்குச் சொல்லலாம்."

"கடவுளே!" என்று சமையலறையிலிருந்து கேட்டது.

அந்த மனிதரை மலையிலிருந்து தள்ளினாலும், விழும் வழியில் தாம் அப்படியொன்றும் வேகமாக விழவில்லை என்றுதான் சொல்லுவார். வேறு வழியில்லாமல் நான் பையிலிருந்து இன்னொரு மைக்கை எடுத்து இமோஜெனின் முன் வைத்தேன். தன் முன் மைக்கா என்று அவள் மிரண்டாள்.

"தலைய ஆட்டாத," என்றேன். "வாயத் திற."

அவள் பழைய கேள்வியைக் கேட்டாள். அவர் பழைய பதிலைச் சொன்னார், சுவிட்ச் வரைக்கும். இமோஜென் மைக்கின் பக்கம் குனிந்தாள்.

"போங்க சார், யார்கிட்ட கதை விடறீங்க? அன்னிக்கு மத்தியானம் முழுக்கப் போட்டு அணைச்சு, போட்டு அணைச்சு, சுருதி எங்க வந்து நிக்கணும்னு தேடினது யாரு? உங்ககூட வேல செஞ்ச நாலு பேரும் நீங்கதான்னு சொன்னாங்க."

"நாலு பேருமா?"

"நாலு பேரும்."

"டிரம்ஸ்காரனுமா?"

"அவருந்தான்."

கிளிஃப் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அப்படி அவங்களே சொல்றாங்கன்னா," என்றார் மெல்ல, "நான் போய் அவங்களப் பொய்யனுங்களாக்க முடியாது, இல்லையா?"

ஆங்கிலேயன் ஒருவன் 'ஆமாம், நான்தான்' என்று கத்தினால் அது இப்படித்தான் கேட்கும். அதற்குப் பிறகு எல்லாம் கொட்டியது: முதலில் சுவிட்சைத் தெரியாமல் அணைத்தது, இறங்கிய சுருதி காதில் ஒட்டிக்கொண்டது, அதை ஏற விட்டுப் பார்த்தது, "பூனைய மிதிச்சுட்டியா கிளிஃப்?" என்று டெலமியர் சிரித்தது. இமோஜென் விடவில்லை. "ம்... ஆமா... அப்புறம்? ஐயோ!" என்று அவர் பேச்சு நெடுக விழுந்து புரண்டாள். கற்றதையெல்லாம் ஒரே மத்தியானத்தில் மறந்தாள்.

டெலமியர் தாமே ஸ்டூடியோவுக்கு வந்தார், உள்ளேயும் கறுப்புக் கண்ணாடியோடு. முழுதும் கேட்டார். வெகுநேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அருமை," என்றார். "அந்தப் பொண்ணு குரல் மட்டும் கொஞ்சம் உறுத்துது. அத எடுத்துடுங்களேன். கலைக்காகச் சொல்றேன்."

எடுத்துக் காட்டினேன். அவள் 'ம்' ஒவ்வொன்றும் கிளிஃபின் சொல்லோடு பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒன்றை வெட்டினால் மற்றதும் கிழிந்தது. வேண்டுமானால் கிளிஃபை மொத்தமாகத் தூக்கிவிடலாம், ஆனால் விளம்பரத்தில் இத்தனை நாளாக அவரைத்தான் கூவி விற்றிருக்கிறோம் என்றேன்.

"அப்போ என் கனவு?"

"அது ஆறாவது வாரத்துல அப்படியே இருக்கு சார். கைய வைக்கல."

தேறிவிட்டார். போகும்போது, கிளிஃப் அந்தக் கனவிலும் இருந்ததாக லேசாக ஞாபகம் என்றார்.

நிகழ்ச்சி ஒலிபரப்பானது. எளிமையான ஒரு பெரியவரைப் பேச விடாமல் ஒரு பெண் குறுக்கே குறுக்கே பேசுகிறாள் என்று நாடெங்கிலுமிருந்து கண்டனங்கள் வந்தன. இமோஜென் அவற்றுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது யூனிஸ் அழைத்தாள்.

"அவருக்குப் பிடிக்கவே இல்லையாம்," என்றாள். "ரொம்ப மிகைப்படுத்திட்டீங்களாம். கூச்சமா இருக்காம். காலையிலேர்ந்து கூச்சப்பட்டுக்கிட்டே திரும்பத் திரும்பக் கேக்கறாரு."

அவளுக்குப் பின்னால், அறையின் மறுகோடியில், இமோஜெனின் குரல் 'போங்க சார்' என்று தொடங்குவது எங்களுக்கே கேட்டது.

"யூனிஸ்!" என்று கிளிஃப் கத்தினார். "போன வையி! அந்த இடம் வருது!"